இத்திரி அடுப்பு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முதலில் சர்க்கரை, பிறகு முட்டுவலி, அதற்கும் பிறகுதான் பழைய கதை. முதல் இரண்டையும் நீங்கள் பேசி முடித்திருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் நான் நேராக மூன்றாவதற்கு வந்துவிடுகிறேன். இது கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டுக்குள் கரி அடுப்பு வைத்துக் குளிர் காய்ந்த கதை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். மணவாளக்குறிச்சியில் வளர்ந்த என் சிநேகிதி ஒருத்தி, "எங்க ஊருல மண்ணே சுடும், ஒனக்கு அடுப்பு கேக்குதாக்கும்" என்று இன்றைக்கும் என்னைக் கேலி செய்கிறாள். அவளுக்கு மலை தெரியாது.

மாறாமலைப் பக்கம் ஒரு கிராம்புத் தோட்டத்தில் அப்பா ஸ்டோர் கீப்பராக இருந்தார். தோட்டம் கொடுத்த வீட்டில் இரண்டே அறைகள், ஓட்டுக் கூரை. ஆனி பிறந்துவிட்டால் மேகத்துக்கு எங்கள் முற்றத்தில்தான் குடியிருப்பு. ஜன்னலைத் திறந்தால் உள்ளே வந்து கட்டிலில் உட்காரும். உப்புச் சாடியில் தண்ணீர் ஊறும். அப்பளம் துணி மாதிரி மடியும். தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தால்தான் குச்சி பற்றும். என் பள்ளிக்கூடப் பையில் பச்சையாகப் பூசணம் பூத்து, அதைத் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தை எடுப்பேன். கொடியில் போட்ட துணி காயவே காயாது. ஈரத்தோடு நாற்றமும் சேரும், அவ்வளவுதான். இத்தனைக்கும் நடுவே ஸ்டோரிலிருந்து கிராம்பு வாசனை மட்டும் சூடாக வரும். மூக்குக்குக் கிடைக்கிற சூடு உடம்புக்குக் கிடைக்காது.

அந்த வருஷம் எனக்குத் தங்கச்சி பிறந்தாள். மாதம் நிறையுமுன்னே அவசரப்பட்டு வந்துவிட்டாள். அம்மாவின் ஊர் சிதறால் என்பதால் பக்கத்தில் மார்த்தாண்டத்து ஆஸ்பத்திரியில் பேறு. அப்பாவின் கை நீளம்கூடப் பிள்ளை இல்லை. முகத்தில் பாதி கண், மீதி அழுகை. "குளிராமப் பாத்துக்கிடணும். ஈரத்துணி உடம்புல கிடக்கப்பிடாது. எடை ஏறுனா பயமில்லை" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்கள்.

சிதறாலில் அம்மாவின் அண்ணன், என் மாமா, தன் வீட்டிலேயே இருக்கச் சொன்னார். அங்கே ஒரு குறையும் கிடையாது. வெயில் உண்டு, முற்றம் உண்டு, மாமி கைச் சாப்பாடும் உண்டு. அம்மாதான் கேட்கவில்லை. மேலே அப்பாவுக்கு வெந்நீர் வைக்கவும் தெரியாது. சட்டியைக் கருக்கிவிட்டுத் தண்ணீரைத் தேடுவார். "எனக்க வீட்டுல எனக்க பாயில கெடந்தாத்தான் எனக்குப் பால் ஊறும்" என்று சொல்லி அம்மா தோட்டத்து ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மாமா ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"ஆடி பெறக்கட்டு. நான் மேல வருவேன். பிள்ளைக்க உள்ளங்காலத் தொட்டுப் பாப்பேன். சூடு இருந்தா ஒரு சாயா குடிச்சிட்டு எறங்கிருவேன். சில்லுன்னு இருந்தா, ஏட்டி, மறுவார்த்தை பேசப்பிடாது. ஒன்னையும் பிள்ளையளையும் கையோட கூட்டிட்டு வந்துருவேன். மழை முடிஞ்ச பெறகுதான் மலை."

"சரி அண்ணா" என்றாள் அம்மா.

என்னைச் சிதறால் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவார்கள் என்பது இதில் அடக்கம். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். அப்பா தனியாகக் கருகிய சட்டியோடு நிற்பார். எனக்கு எல்லோரும் ஒரே வீட்டில் வேண்டும். அதனால் மாமா என்றாலே எரிச்சலாக வந்தது. மாமாவுக்கு முன்னே ஒரு பிள்ளை பிறந்து மழைக்காலத்தில் தங்காமல் போனது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். தெரிந்த அன்றைக்கு அந்த எரிச்சலை எல்லாம் நினைத்து வெட்கமாக இருந்தது.

வீட்டில் அதுவரை மண்சட்டியில் விறகுத் தணலை அள்ளிக் கட்டிலடியில் வைப்பதுதான் வழக்கம். ஈரவிறகு சூடு தருமுன்னே புகையைத் தரும். தங்கச்சி இருமினாள். புகையாத கரி அடுப்பு ஒன்று வேண்டும் என்று முடிவாயிற்று. அதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டையே இல்லை. எத்தனை பெரிய அடுப்பு என்பதில்தான் சண்டை.

அப்பாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எதை வாங்கினாலும் ஒரு சைஸ் கூடுதலாக வாங்குவார். என் பாவாடை தரையைக் கூட்டும். என் குடைக்கு அடியில் வகுப்பில் ஒரு பெஞ்சே நடந்து போகலாம். "வளருற பிள்ளை" என்பார். அடுப்பு வளராது என்று அவரிடம் யார் சொல்வது?

"வீடே இத்திரி. இதுக்கு எதுக்கு ஒத்திரி அடுப்பு?" என்றாள் அம்மா.

மேற்கே சிதறால், மார்த்தாண்டம் பக்கம் இத்திரி என்றால் கொஞ்சம், சின்னது. ஒத்திரி என்றால் நிறைய. அப்பா நாகர்கோயிலுக்குக் கிழக்கே வயல்காட்டு ஊர்க்காரர். அம்மாவின் பேச்சை வைத்துக் கேலி செய்யாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"இத்திரி ஒத்திரின்னு பாட்டா படிக்கே? குளிரு பெரிசு, அதுக்குத் தக்க அடுப்பும் பெரிசா இருக்கணும். ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்ம இரி."

அடுத்த முறை ஜீப் கோட்டாறு சந்தைக்கு இறங்கியபோது அப்பாவும் கூடப் போனார். திரும்பி வரும்போது ஜீப்பின் பின்பக்கம் முழுக்க ஒரு அடுப்பு உட்கார்ந்திருந்தது. மூடிப்போன ஏதோ ஓட்டலின் அடுப்பு. தகர டிரம்மை வெட்டி, உள்ளே செங்கல்லும் மண்ணும் பூசி, நாலு கால் வைத்தது. என்னை அதற்குள் உட்கார வைத்தால் தலை மட்டும் தெரியும். உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்கிறேன். வாசல் நிலையில் அது நுழையவில்லை. நேராக, சாய்வாக, படுக்க வைத்து, கால்களை முதலில் விட்டு என்று எல்லா விதமாகவும் முயன்றார்கள். கடைசியில் கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோனார்கள்.

அன்றைக்கு அப்பா அதன் வாய் நிறையத் தேங்காய்ச் சிரட்டைக்கரியைக் கொட்டிப் பற்ற வைத்தார். வெளியே கொட்டுகிற மழை. குளிர் உள்ளே வரக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கையும் அடைத்தார். ஐயோ, என்ன சூடு! சுவரெல்லாம் வியர்த்தது. அப்பா சட்டையைக் கழற்றினார், பிறகு துண்டையும் கழற்றினார். "எப்படி?" என்று அம்மாவைப் பார்த்து மீசையைத் தடவினார். கொஞ்ச நேரத்தில் தங்கச்சி உடம்பெல்லாம் வேர்க்குரு. எனக்குத் தலை இடித்தது. அப்பா பேசிக்கொண்டே இருந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா பிள்ளையைத் தூக்கினாள், என் கையைப் பிடித்தாள், சாக்கை எட்டி உதைத்துவிட்டு வெளியே வந்து மழைச் சாரலில் நின்றாள். அப்பாவும் தள்ளாடிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"யாரோ கண்ணு வச்சிட்டானுவ" என்றார் அப்பா. "இத்தனை பெரிய அடுப்பு எவன் வீட்டுல இருக்கு?"

கண்ணு கழிக்க மிளகாயும் உப்பும் சுற்றி, அந்த அடுப்பிலேயே போட்டார். நெடி வராவிட்டால் கண்ணு என்று கணக்கு. வந்தது பாருங்கள் ஒரு நெடி, தோட்டத்தில் பாதிப் பேர் தும்மினார்கள். அப்பா அசரவில்லை. "கண்ணு கழிஞ்சு போச்சு, அதான் நெடி" என்றார்.

இப்போது சிரிப்பாக இருக்கிறது. அடைத்த அறையில் கரி எரித்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷக்காற்று வரும், ஆளையே கொண்டுபோய்விடும் என்று பிற்காலத்தில் செய்தித்தாளில் படித்தபோது கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். அம்மா அந்தச் சாக்கை உதைக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல ஆள் இல்லை. அவளுக்கும் காரணம் தெரியாது. அவள் தலைதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. அன்றிலிருந்து, எந்தத் தணல் வீட்டுக்குள் இருந்தாலும், ஜன்னலை ஒரு சாண் திறந்து வைக்காமல் அவள் விடவே இல்லை.

பெரிய அடுப்பில் கொஞ்சமாகக் கரி போட்டுப் பார்த்தார்கள். அது அதற்கும் மசியவில்லை. அத்தனை அகலத்தில் நாலு கரியைப் போட்டால் ஒன்றுக்கொன்று துணையில்லாமல் தனித்தனியாகக் கிடந்து அணைந்துபோகும். நிறையப் போட்டால் இருக்க முடியாது, குறையப் போட்டால் எரியாது. அடுப்பு வெளிவராந்தாவுக்குப் போயிற்று. அதற்காகக் கதவை இன்னொரு முறை கழற்றினார்கள். எங்கள் கோழி ஒன்று அதற்குள் இறங்கிப் பார்த்துவிட்டு, இடம் பிடித்துப்போய், அடை உட்கார்ந்துவிட்டது.

ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. கொடியில் தங்கச்சியின் துணிகள் ஈரத்தோடு தொங்கின. அம்மா அவற்றை ஒவ்வொன்றாகத் தன் வயிற்றில் கட்டிக் காயவைத்து, அந்தச் சூட்டோடு பிள்ளைக்குச் சுற்றுவாள். பகலில் பத்துத் தடவை அந்த உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பாள். தொட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

அப்பாவிடம் சொல்லிப் பயனில்லை என்று அவளே ஒரு நாள் ஜீப்பை நிறுத்தினாள். ஜீப் ஓட்டியவர் கோட்டாறுக்காரர், முஸ்லிம். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவைத் தங்கச்சி என்பார். நல்ல மழை, எஞ்சின் வேறு கத்திக்கொண்டிருந்தது. நான் அம்மாவின் பக்கத்தில் அந்தப் பெரிய குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"காக்கா! சந்தையில இத்திரி அடுப்பு ஒண்ணு கிடைக்குமா?"

"என்ன அடுப்பு?"

"இத்திரி! இத்திரி அடுப்பு!"

"இஸ்திரி அடுப்பா?" காக்கா ஒரு நிமிஷம் யோசித்தார். "அதுக்கென்ன தங்கச்சி, கொண்டாந்திரலாம். யார்ட்டயும் சொல்லலியே? சாருக்குத் தெரியுமா?"

"தெரியாண்டாம். நீங்க கொண்டு வாங்க."

காக்கா மிகுந்த மரியாதையோடு தலையாட்டிவிட்டுப் போனார். அந்த மரியாதை ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை.

இங்கேதான் ஊருக்கு ஊர் பேச்சு மாறுகிற வினை. அம்மாவின் ஊரில் துணி தேய்க்கிற பெட்டிக்குத் தேப்புப்பெட்டி என்று பெயர். இஸ்திரி என்ற சொல் அவள் நாக்குக்குப் பழக்கமே இல்லை. கோட்டாறுக் காக்காவுக்கோ இத்திரி என்ற சொல் காதுக்குப் பழக்கமில்லை. மழைக்குள் ஒருத்தி சொன்னதும் இன்னொருத்தர் கேட்டதும் இரண்டு வேறு சாமான்கள்.

மறுமுறை ஜீப் வந்தபோது காக்கா இரண்டு சாமான்களை இறக்கினார். ஒன்று, துணி தேய்க்கிற கடைகளில் கரியைக் கனலவைக்க வைத்திருப்பார்களே, அந்தச் சின்ன அடுப்பு. மூன்று கால், நடுவில் ஓட்டைத் தகடு, அடியில் சாம்பல் அள்ள ஒரு வாய். இன்னொன்று பித்தளை இஸ்திரிப் பெட்டி, பிடியில் தேய்ந்துபோன மரம், மூடியைப் பூட்டுகிற கொக்கியில் ஒரு சேவல் தலை.

"செட்டா எடுத்துட்டேன் தங்கச்சி" என்றார் காக்கா. "கடைக்கு ஒண்ணுல்லாம ஒண்ணு ஆவாது."

"கடையா? எந்தக் கடை?"

"நீங்க போடப்போற கடை."

அம்மா இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாள், காக்காவைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கீழே உட்கார்ந்து சிரித்தாள். பிள்ளை பெற்ற வயிறு வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். காக்காவுக்கு விஷயம் புரிந்ததும், தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அட ரப்பே! கீழ நாலு பேர்ட்ட சொல்லிட்டனே!"

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நினைத்தவர் அவர்தான். ஆனால் செய்தி ஜீப்பை முந்திக்கொண்டு மலையேறிவிட்டது. அன்றைக்கு மதியமே தோட்டத்துக் கம்பவுண்டர் ஈரத்துணி மூட்டையோடு வாசலில் நின்றார். அடுத்து டீச்சர் ஒரு சேலையோடு வந்தார்கள். சாயங்காலம் வேலை முடிந்து அப்பா வந்தபோது வராந்தாவில் துணி மூட்டைகள் வரிசையாக இருந்தன. கோழி மட்டும் பெரிய அடுப்பிலிருந்து தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஸ்டோர் கீப்பருக்க வீட்டுல இஸ்திரிக் கடையா? எனக்க மானம் என்னத்துக்காவும்?" என்று அப்பா குதித்தார்.

சின்ன அடுப்பு கட்டிலிலிருந்து எட்ட, திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில், சிவந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு கை கரிதான் போட்டிருந்தாள். அந்த ஒரு கை கரியும் நெருக்கமாகச் சேர்ந்து நின்று, பார்க்க அழகாக எரிந்தது. அறையில் வியர்வையும் இல்லை, நடுக்கமும் இல்லை. அவள் பெட்டியில் தணலை நிறைத்து, தங்கச்சியின் ஈரத்துணி ஒன்றை விரித்து அதன்மேல் இழுத்தாள். உஸ் என்று ஆவி எழும்பியது. இன்னொரு இழுப்பு. துணி காய்ந்துவிட்டது. வாரக் கணக்காகக் காயாமல் எங்களை அழவைத்த துணி! அம்மா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து அப்பாவின் கன்னத்திலும் வைத்தாள்.

அப்பாவின் குதிப்பு நின்றுவிட்டது. கொடியிலிருந்து தன் கால்சட்டையை எடுத்து, கம்பவுண்டரின் மூட்டைக்கு மேலே வைத்தார்.

அம்மா கடை போடவில்லை. ஆனால் அந்த ஆனி மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் ஈரத்துணியோடு திரும்பிப் போகவில்லை. கரி எரிகிற மணம், சுட்ட துணியின் மணம், கிராம்பு மணம். மூன்றும் சேர்ந்த அந்த வாசனை வேறு எங்கேயும் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பெட்டியும் அடுப்பும் பிறகு வீடு மாறியதில் எங்கேயோ போய்விட்டன. சேவல் தலையையாவது கழற்றி வைத்திருக்கலாம்.

ஆடி பிறந்தது. மாமா சொன்ன சொல் தவறவில்லை. ஜீப் பாதியில் சேற்றில் மாட்டிக்கொண்டதால் மீதி வழியை மழையில் நடந்தே வந்து சேர்ந்தார். வேட்டி காலோடு ஒட்டியிருந்தது, கெண்டைக்காலில் அட்டைகள் தொங்கின, உதடு நீலம். வாசலில் நின்று, "ஏட்டி, பிள்ளை எங்க?" என்றார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மழையில் நனைந்து யார் வந்தாலும் அம்மா பேச்சைத் தொடங்குமுன்னே துண்டை நீட்டுவாள். அன்றைக்கும் துண்டு அவள் தோளில்தான் கிடந்தது. அவள் நீட்டவில்லை.

"மொதல்ல பிள்ளையத் தொட்டுப் பாருங்கண்ணா" என்றாள். "பெறகு பேசலாம்."

மாமா கட்டிலருகே குனிந்து, நீர் சொட்டுகிற கையால் தங்கச்சியின் உள்ளங்காலைப் பிடித்தார். அவள் வீறிட்டாள். மாமா கையை வெடுக்கென்று எடுத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"சுடுதுட்டி! நல்லா சுடுது! எனக்க மக்கா!" என்றார். கண்ணில் மழைத்தண்ணீரா வேறு தண்ணீரா என்று தெரியவில்லை. சத்தமாகச் சாயா கேட்டார்.

பல வருஷங்கள் கழித்து, நானும் பிள்ளை வளர்த்த பிறகு, ஒரு மழை நாளில்தான் எனக்குப் பொறி தட்டியது. ஐஸாக விறைத்துப்போன கைக்கு எதுதான் சுடாது? அம்மா அதை அறிந்தே துண்டைக் கொடுக்காமல் வைத்திருந்தாள். அத்தனை அடுப்பும் பெட்டியும் இருந்தும் அவளுக்குத் தைரியம் போதவில்லை.

போன மாதம் எனக்கு முட்டு ஆபரேஷன் நடந்தபோது துணைக்கு வந்திருந்தாள் தங்கச்சி. கை நீளம்கூட இல்லாமல் பிறந்தவள், இப்போது ஆஸ்பத்திரி நாற்காலியில் கொள்ளவில்லை. அவளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே இருந்தவள், கடைசியில் மட்டும் கேட்டாள்:

"அக்கா, அப்போ எனக்க காலு நெசமா சுடலியா? அம்ம மாமாவ ஏமாத்திட்டாளா?"

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். மாமா வந்தபோது நான் அந்தச் சின்ன அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கை காய்ந்துகொண்டிருந்தேன். மாமா சாயா கேட்டுவிட்டு அட்டையைப் பிடுங்கக் குனிந்ததும், நான் எழுந்து போய்த் தங்கச்சியின் காலைப் பிடித்தேன். தணலில் காய்ந்த என் கைக்கே அந்தக் கால் இதமாகச் சுட்டது. நிமிர்ந்தபோது அம்மா மூச்சுவிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூடாத்தான் இருக்கு என்று நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகுதான் அவள் தோளிலிருந்த துண்டை எடுத்து மாமாவிடம் கொடுத்தாள்.